மருதமரத்தடியில் நின்ற லொறி

புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவரோடும் அரை மணித்தியாலம் பேசும்படி முதலாளி கேட்டுக்கொண்டார். உங்கள் கணினித் திரையில் நகரும் பச்சைப் புள்ளிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் இந்த மேசையில் இருந்த காலத்தில் என்னிடம் இருந்தது ஒரு தொலைபேசி, ஒரு கொப்பி, ஒரு பெரிய லொறி, ஒரு சின்ன லொறி. சின்ன லொறியை ஓட்டியவர் எட்வின் அண்ணன். டவுனில் பறங்கித் தெருப் பக்கம் வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு இந்தத் தொழிலில் ஏதாவது தெரியும் என்றால் அதில் பாதி அவர் என்னோடு கோபித்துக்கொண்டதால் வந்தது.

நாங்கள் வாடகைக்குக் கொடுப்பது இருக்கக் கதிரை, நிழலுக்குப் பந்தல், சமைக்கக் கிடாரம். கலியாண வீட்டார் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லி வைப்பார்கள். செத்த வீட்டார் சொல்லி வைப்பதில்லை. அதனால்தான் காலையில் எழுதி வைத்த ஓட்டம் மாலை வரை அப்படியே நடந்த நாள் ஒன்று கூட எனக்கு நினைவில் இல்லை. லொறி தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீடு அழைக்கும். அந்த வீட்டை எங்கே செருகுவது, அதற்காக யாரைப் பின்னே தள்ளுவது, இதுதான் என் உத்தியோகம்.

உங்கள் கணினிக்கும் அதுதான் வேலை என்று நேற்று விளக்கினீர்கள். ஆகச் சிறந்த பாதையைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, ஓரளவு நல்லதாக ஒன்றை உடனே சொல்லும் சில விதிகள் இருந்தால் போதும் என்றீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என்னிடமும் விதிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு முட்டாள்தனம் செய்த பிறகுதான் எழுதினேன். அது ஒன்றுதான் வித்தியாசம்.

சேர்ந்த வருடம் எனக்கு இருந்தது ஒரே விதி. லொறிக்குக் கிட்ட இருப்பவருக்கு முதலில். யாருக்கும் இது சரியாகத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது, கொக்கட்டிச்சோலையில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு வரும் வரைக்கும்.

பத்து மணிக்குள் நூற்றிருபது கதிரை கேட்டிருந்தார்கள். எட்வின் அண்ணன் எட்டு மணிக்கே புறப்பட்டார். கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கல்லடியில் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு முப்பது கதிரை வேண்டும் என்று அழைப்பு வந்தது. போகிற வழிதானே, பாலத்தடிக் கடைக்குத் தொலைபேசி எடுத்து, லொறியை மறித்து இறக்கச் சொன்னேன்; அந்த நாளில் சாரதிக்குச் சேதி போனது வழிக் கடைகளால்தான். காத்தான்குடியில் ஒரு கடை திறப்பு. அதுவும் போகிற வழி. ஆரையம்பதியில் ஒரு செத்த வீடு. அதை மறுக்க முடியுமா. அங்கே இறக்கியதோடு கதிரை முடிந்தது, திரும்பி வந்து ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றிக்கொண்டு போகும்போது மறுபடியும் கல்லடி. ஒவ்வொரு தடவையும் என் கணக்கு சரி. எல்லாம் கிட்ட இருந்தவை. கொக்கட்டிச்சோலை மட்டும் வாவிக்கு அந்தப் பக்கம், மண்முனைத் துறையில் லொறியை மிதவையில் ஏற்றிக் கடக்க வேண்டும். அது எந்த நேரத்திலும் தூரத்தில்தான் இருந்தது.

பெண்பிள்ளையின் தாய்மாமன் பத்தரைக்கு அழைத்தார்.

“தங்கச்சி, லொறி எங்க நிக்கிது?”

“ஆரையம்பதியில அண்ணன். இந்தா வந்திரும்.”

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் அழைத்தார்.

“இப்ப எங்க?”

“ஆரையம்பதி தாண்டிற்று அண்ணன்.”

“எந்தப் பக்கமாத் தாண்டிற்று?”

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

லொறி போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. சடங்கு முடிந்து, பந்தி முடிந்து, ஆட்கள் போய்விட்டார்கள். அறுவடை முடிந்த நேரம் என்பதால் வந்தவர்களை நெல் மூட்டைகளில் இருத்தியிருந்தார்களாம். தாய்மாமன் எட்வின் அண்ணனைத் திட்டவில்லை. எல்லாக் கதிரைகளையும் முற்றத்தில் வரிசையாகப் போடச் சொன்னார். போட்டு முடிந்ததும், “நாங்க வாடகைக்கு எடுத்த கதிர. ஆராவது இருக்கத்தானே வேணும்,” என்று எட்வின் அண்ணனையும் ஏற்றி இறக்க வந்த இரண்டு பேரையும் ஒவ்வொரு கதிரையிலும் மாறி மாறி இருக்க வைத்தார். இடையில் பலகாரமும் கொடுத்தார்.

மாலையில் எட்வின் அண்ணன் என் மேசை இருந்த கந்தோருக்குள் வந்தார். “தங்கச்சி, நாப்பது கதிரையில நான் இருந்து பாத்தன். ஒண்டுலயும் கால் ஆடல்ல. எல்லாம் நல்ல கதிர.” அவ்வளவுதான் சொன்னார். ஏழு நாள், ஒரு முழுக் கிழமைக்கு, என்னோடு வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து ஒரு பெயரைப் பின்னே தள்ளினால் அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். இரண்டு கோடு விழுந்த பெயரை மூன்றாம் தடவை யாருக்காகவும் தள்ளமாட்டேன். அது எவ்வளவு தூரம் என்றாலும் அடுத்தது அதுதான். உங்கள் கணினியில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வாவிக்கு மேற்கே இருப்பவர்கள் எல்லோரும் மூட்டையில்தான் இருக்க வேண்டிவரும்.

அதற்குப் பிறகு சாரதிகளுக்குக் கைபேசி வந்தது, என் மேசைக்கு இரண்டாவது தொலைபேசியும் வந்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஒவ்வொரு புது அழைப்புக்கும் முழு ஓட்டத்தையும் புதிதாக எழுதினேன், உடனே எட்வின் அண்ணனுக்குச் சொன்னேன். ஒரு காலையில் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனவரைத் திரும்பச் சொன்னேன். திரும்பியவரை மறுபடியும் போகச் சொன்னேன். மறுபடியும் திரும்பச் சொன்னேன். பாலத்தடியில் கடமையில் நின்ற பொலிஸ்காரர் மூன்றாம் தடவை லொறியை மறித்து, “என்ன அண்ணன், ஏதும் துலைச்சிற்றீங்களா?” என்று கேட்டாராம்.

எட்வின் அண்ணன் லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னை அழைத்தார். “தங்கச்சி, நான் ஒரு இடத்துக்குப் போகத் தொடங்கிற்றனெண்டா அந்த இடம் என்ட. அதுக்குப் பிறகு உள்ளத நீங்க எப்பிடியும் மாத்துங்க. போய்ச் சேந்து இறக்கின பிறகு எனக்குச் சொல்லுங்க.”

அவர் சொன்னது நியாயம். கொப்பியில் நான் மிச்சப்படுத்திய தூரத்தை எல்லாம் அவர் பாலத்தடியில் திரும்பித் திரும்பியே தீர்த்துக்கொண்டிருந்தார். அது இரண்டாவது விதி ஆயிற்று.

இந்த இரண்டு விதியோடும் பல வருடம் நன்றாகத்தான் ஓடியது. மனிதர்களுக்கு நன்றாக ஓடுவது போதாது. எனக்குப் புத்தி கூடியது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

அழைப்பு எங்கிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் லொறியை அந்தப் பக்கமே நிறுத்தி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கலியாணம் தெரிந்ததுதான். தெரியாதது சாவு. ஆனால் அதுவும் முழுக்கத் தெரியாதது இல்லை. மலர்வளையம் கட்டுகிற கடைக்காரி எனக்குச் சிநேகிதி. ஆட்டோக்காரர்கள் எல்லா நோயாளிகளையும் அறிவார்கள். கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போது காதில் விழுவது வேறு. கேட்டதை எல்லாம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். ஊர், பெயர், நோய் எவ்வளவு கடுமை. அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு எழுதவில்லை. என்ன எழுதுவது.

ஏதாவது ஒரு ஊரில் பெயர்கள் கூடினால் சின்ன லொறி திரும்பி வராமல் அங்கேயே கொஞ்சம் நிற்கும். செங்கலடியில் ஒரு வீட்டார் தொலைபேசியை வைத்துப் பத்து நிமிடத்தில் கதிரை வந்து இறங்கியது. ஏறாவூரில் அதைவிடச் சுறுக்காக. இவ்வளவு வேகமான ஆட்கள் மட்டக்களப்பில் இல்லை என்று பேச்சு அடிபட்டது. முதலாளி வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டிச் சொன்னார். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை. பெரிய லொறி முந்நூறு கதிரையோடு களுவாஞ்சிகுடிக் கலியாணத்துக்குப் போய்விட்டது. எட்வின் அண்ணன் வாழைச்சேனையில் முதல் நாள் நடந்த ஒரு வைபவத்தில் இருந்து நூறு கதிரைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வழியில் கிரான். கிரானில் ஒரு பெயர் என் கொப்பியில் மூன்று தரம் அடிக்கோடு போட்டு இருந்தது. பழைய வட்டை விதானையார். டவுனில் வளர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன், வட்டை என்றால் வயல் வெளி. அந்த வெளியில் யாருடைய வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று சொல்பவர் விதானை. இவர் நீண்ட காலம் அதைச் செய்தவர். சுற்று வட்டாரத்தில் இவருக்குப் பயப்படாத ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், மூன்று கிழமையாகப் படுக்கை, கொழும்பில் இருந்த பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று என்று கேள்வி.

“அண்ணன், கிரான் சந்தியில கொஞ்ச நேரம் நில்லுங்க,” என்றேன்.

“ஏன்?”

காரணத்தைச் சொன்னேன்.

“தங்கச்சி, மத்த இடங்களில நீங்க சொல்லாம நிப்பாட்டினீங்க, நானும் தெரியாம நிண்டன். இப்ப தெரிஞ்சிற்று. எனக்கு இது நல்லாப் படல்ல.”

“சும்மா நிண்டாப் போதும் அண்ணன். ஆருக்குத் தெரியப் போகுது?”

சந்தியில் நிழல் இல்லை. பதினொரு மணி வெயில். எட்வின் அண்ணன் நிழல் தேடி உள்வீதியில் கொஞ்சத் தூரம் போனார். வாய்க்கால் ஓரமாக நல்ல பெரிய மருதமரம் ஒன்று நின்றது. அதன் கீழே நிறுத்தினார். வெக்கைக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கையில் சரிந்தார். நித்திரையாகிவிட்டார். கதிரைகளை மூடியிருந்த படங்கு காற்றுக்கு விலகி வெள்ளைக் கதிரைகள் வெளியே தெரிந்தன. மருதமரத்துக்கு நேர் எதிரே இருந்தது விதானையாரின் வீட்டு வாசற் படலை.

பிறகு நடந்ததை எட்வின் அண்ணனும் விதானையாரின் மகளும் சொல்லித்தான் அறிந்தேன்.

கடைக்குப் போன ஒரு பெண் லொறியைப் பார்த்தாள். கதிரையைப் பார்த்தாள். படலையைப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். கால் மணித்தியாலத்தில் இருபது பேர். இரண்டு ஆண்கள் உதவியாக இருக்கட்டும் என்று லொறியில் ஏறிக் கதிரைகளை இறக்கத் தொடங்கினார்கள். சத்தத்துக்கு எட்வின் அண்ணன் விழித்தார். ஆட்கள் கதிரை இறக்குகிறார்கள், கந்தோருக்கு அழைப்பு வந்திருக்கிறது, தங்கச்சி என்னை எழுப்பாமலே அனுமதி கொடுத்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவரும் இறங்கி உதவினார். நூறு கதிரையும் படலையில் இருந்து இரண்டு பக்கமும் ஒழுங்காக வரிசையாயின. பிறகு ஊரே கூடிக் கதிரைகள் நிரம்பின, பெண்கள் வந்தார்கள். ஒப்பாரி தொடங்கியது.

உள்ளே விதானையார் கண்ணைத் திறந்தார்.

“புள்ள, ஆர் செத்தது?”

“தெரியா அப்பா. இருங்க, பாத்திற்று வாறன்,” என்று மகள் வெளியே போனாள்.

படலையில் அவளுடைய மாமி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். “எப்ப மகள் போனவர்? ஒரு சொல் அனுப்பப்படாதா?”

மகள் திரும்பி உள்ளே வந்தாள்.

“ஆராம்?” என்று கேட்டார் விதானையார்.

மகள் அவருடைய கால்மாட்டில் இருந்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். வெளியே அழுகிற குரல்களைக் காது கொடுத்துக் கேட்டார். தன்னுடைய பெயர் அதில் வருவதைக் கேட்டார். பிறகு ஊன்றி நடக்கும் பொல்லை எடுத்துத் தரும்படி கையை நீட்டினார்.

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது ஒப்பாரி பாதியில் நின்றது. கண் தெரியாத ஒரு கிழவி மட்டும் நிறுத்தவில்லை. கடைக்கோடி வயலுக்கும் தண்ணி தந்த ராசா, கை நீட்டி ஒரு சதம் வாங்காத ராசா என்று அவள் பாட்டில் பாடிக்கொண்டிருந்தாள். விதானையார் நின்று அதை முழுவதும் கேட்டார். “அது உண்மை,” என்றார். கிழவி அந்தக் குரலைக் கேட்டு வாயை மூடினாள்.

“லொறி ஆர்ர?”

எட்வின் அண்ணன் முன்னே வந்தார்.

“ஏன் இஞ்ச நிப்பாட்டின நீ?”

“டயர் காத்துப் போயிற்று ஐயா.”

விதானையார் பொல்லை ஊன்றிக்கொண்டு லொறியை முழுவதும் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த மேலதிக டயரையும் விடவில்லை. மூன்று கிழமையாக அவரை நாலு அடி நடக்க வைக்க யாராலும் முடியவில்லை, டொக்டர் உட்பட, என்று மகள் பிறகு சொன்னாள். சுற்றி முடித்து எட்வின் அண்ணனிடம் வந்து கையை நீட்டினார். எட்வின் அண்ணன் லொறியில் செருகியிருந்த திறப்பை உருவிக் கொடுத்தார். விதானையாரின் நீட்டிய கை மடங்கவில்லை. கைபேசியையும் கொடுத்தார்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அதே நேரத்தில் வாழைச்சேனையில் இருந்து ஒருவர் அழைத்தார். அப்பா காலையில் தவறிவிட்டார், சனம் வெயிலில் நிற்கிறது, நூறு கதிரை எவ்வளவு நேரத்தில் தரலாம் என்று கேட்டார். எனக்குள்ளே ஒரு பெருமை. கதிரை கிரானில் நிற்கிறதே.

“இருபது நிமிசத்தில வரும் தம்பி,” என்றேன்.

உடனே எட்வின் அண்ணனுக்கு எடுத்தேன். “அண்ணன், சுறுக்கா வாழைச்சேனைக்குத் திரும்பக் கிறுகுங்க. ஒரு செத்த வீடு.”

“ஆர் பேசுற?” என்றது ஒரு குரல். மெலிந்த குரல், ஆனால் அதிகாரமான குரல்.

“கதிரைக் கந்தோரில இருந்து. நீங்க ஆரு?”

“நான் கிரான் விதானை.”

அந்த நேரத்தில் என் வாயில் வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. “ஐயா, சுகமா இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“அத உங்கிட்டக் கேக்கத்தான் இருக்கன்.”

“ஐயா, லொறியில ஒரு கோளாறு...”

“டயர் எண்டு அவன் சொன்னான். எல்லாத்தையும் தட்டிப் பாத்திற்றன். நீ வேற எதச் சொல்லப் போறாய்?”

மேசையில் இருந்த மற்றத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. வாழைச்சேனை மகனாகத்தான் இருக்க வேண்டும். என் தலைக்குள் நாலைந்து பொய்கள் வரிசையில் நின்றன. எஞ்சின் சூடு, டீசல் இல்லை, சாரதிக்கு மயக்கம். ஒவ்வொன்றுக்கும் அந்த மனிதர் எழுந்து போய்த் தட்டிப் பார்ப்பார். அதற்குள் அங்கே ஒரு பிரேதம் இருக்கிறது, ஆட்கள் வெயிலில் நிற்கிறார்கள். பொய் சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு அதுதான் காரணம், வேறு பெரிய குணம் ஒன்றும் இல்லை.

“ஐயா, உங்களுக்குக் கடுமை எண்டு கேள்விப்பட்டன். உங்கட வீட்டுக்காரர் கேட்டாச் சுறுக்கா அனுப்பலாம் எண்டுதான் லொறியக் கிட்ட நிக்கச் சொன்னன். ட்றைவரில பிழை இல்ல. அவர் வேணாம் எண்டு சொன்னவர். நான்தான் நிப்பாட்டின.”

அந்தப் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

“எத்தின கதிர?” என்றார் விதானையார்.

“நூறு ஐயா.”

“நூறா?”

“ஓம் ஐயா.”

“எனக்கு நூறு கதிரையா?”

நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“பக்கத்து வட்டை விதானை செத்த நேரம் முந்நூறு போட்டவங்க. அவன்ட வட்டையில ஒரு போகமாவது ஒழுங்கா வெளஞ்சிருக்கா?”

“பெரிய லொறி கலியாணத்துக்குப் போயிற்று ஐயா. கேட்டிருந்தா மறுகா இருநூறு அனுப்பியிருப்பம்.”

“ஆர் கேக்கிற? நானா?”

மற்றத் தொலைபேசி அடித்து ஓய்ந்து திரும்பவும் அடித்தது. “ஐயா, என்னை என்ன செய்யிறதெண்டாலும் பிறகு செய்யுங்க. இப்ப உண்மையாவே வாழைச்சேனையில ஒரு ஆள் செத்திற்றார். சிவலிங்கம் எண்டு பேர். கடதாசி ஆலையில வேல செஞ்சவராம். அவருக்குக் கதிர இல்ல.”

“வைக்கோல் நிறுத்த சிவலிங்கமா?”

“தெரியா ஐயா.”

“அவன்தான். எங்கட வட்டை வைக்கோல் முழுக்கக் கடதாசியாக்க அவன்ட தராசாலதான் ஆலைக்குள்ள போனது. குறைச்சு நிறுக்கத் தெரியாத மனிசன். அவனுக்கா கதிர இல்ல?”

“உங்கட படலையிலதான் இருக்கு ஐயா.”

தொலைபேசி நின்றுவிட்டது. கோபத்தில் வைத்தாரா, தெரியாமல் அமர்த்தினாரா என்று எனக்கு விளங்கவில்லை.

நான் மற்றத் தொலைபேசியை எடுத்தேன். இருபது நிமிடம் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. இந்தா வந்திரும் என்று இன்னொரு தடவை சொல்வது சுலபம். கொக்கட்டிச்சோலைத் தாய்மாமனுக்கு அப்படித்தான் சொன்னேன். “தம்பி, நான் சொன்ன நேரம் பிழை. ஒரு மணித்தியாலம் போகும். கதிரைக்காக நிக்க வைக்காதங்க. பக்கத்து வீடுகளில பாய் கேட்டு வாங்கி வயசான ஆக்கள நிழலில இருத்துங்க,” என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். “சரி மிஸ், பாய் எடுக்கிறம்,” என்றார் அவர். அவ்வளவுதான். நேரம் பிழையாகிவிட்டால் அதை முதலில் நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் கேட்கும் வரைக்கும் இருக்காதீர்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

கிரானில் விதானையார் வந்திருந்தவர்கள் எல்லோரையும் எழும்பச் சொன்னார். அவரவர் இருந்த கதிரையை அவரவர் தூக்கி லொறியில் ஏற்ற வேண்டும் என்று கட்டளை. பத்து நிமிடத்தில் நூறும் ஏறின. எங்கள் ஆட்கள் ஒரு நாளும் அந்த வேகத்தில் ஏற்றியதில்லை என்றார் எட்வின் அண்ணன். பிறகு விதானையார் மகளிடம் வெள்ளைச் சால்வையைக் கேட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, லொறியின் முன் இருக்கையில் ஏற்றிவிடச் சொன்னார்.

“அப்பா, உங்களப் படுக்கச் சொல்லித்தானே டொக்டர் சொன்னவர்,” என்று மகள் அழுதாள்.

“படுத்தா லொறி வருகுது,” என்றார் அவர்.

மகளும் நெருங்கி ஏறிக்கொண்டாள். எட்வின் அண்ணன் மாட்டு வண்டி போகிற வேகத்தில் வாழைச்சேனைக்கு ஓட்டினார். பள்ளம் வந்த இடமெல்லாம் லொறியை நிறுத்தி எடுத்தாராம். விதானையார் அதற்கும் பேசினாராம், “நான் முட்டை இல்ல, ஓட்டு,” என்று.

நான் கந்தோரில் இருந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். போகிற வழியில் அந்த மனிதருக்கு ஏதும் ஆகிவிட்டால் எங்கள் லொறிக்குள்தான் ஆகும். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் போன பிறகு வாழைச்சேனை மகன் அழைத்தார்.

“மிஸ், கதிர வந்திற்று.”

“பிந்திற்று தம்பி. மன்னிச்சிக்கொள்ளுங்க.”

“அது பரவாயில்ல மிஸ். வேற ஒரு விசயம் கேக்கணும். லொறியோட ஒரு ஐயா வந்திருக்கார்.”

“ஓம்.”

“முதல் கதிரைய இறக்கினதும் அதில இருந்திற்றார். அங்க இருந்துகொண்டே எல்லாத்தையும் நடத்திறார். வெயில் கிறுகுது, பந்தல இஞ்சால இழுங்க எண்டுறார். ஆர் எங்க இருக்கிறது எண்டும் சொல்றார். அவர் உங்கட ஆளா? வாடகையோட வாறவரா?”

“இல்ல தம்பி. அவர் உங்கட அப்பாவுக்காக வந்தவர். இடஞ்சலா இருந்தாச் சொல்லுங்க, திருப்பிக் கூட்டி வரச் சொல்றன்.”

“ஐயோ வேணாம் மிஸ்.” அவருடைய குரல் மாறியது. “அம்மா காலையில இருந்து ஒரு வார்த்தை பேசல்ல. இப்ப அவருக்குப் பக்கத்தில இருந்து அப்பாட கதை கேட்டுக்கொண்டிருக்கா. தராசடியில அப்பா ஆரோ ஒரு முதலாளியோட சண்ட பிடிச்ச கதையாம். எங்களுக்கே தெரியாது. அடக்கம் முடியும் மட்டும் அவர வச்சிருக்கலாமா?”

வைத்திருக்கலாம் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து கதிரைகளோடு விதானையாரும் திரும்பிக் கிரானில் இறங்கினார். இரவு சோறு கேட்டுச் சாப்பிட்டாராம். அதற்குப் பிறகும் இரண்டு போகம் விளைந்ததைப் பார்த்தார். அடுத்த கிழமை நான் கிரானுக்கு பஸ்ஸில் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. தயிரும் சீனியும் கொடுத்துத்தான் அனுப்பினார்.

உங்கள் கணினி பழைய அழைப்புகளைப் பார்த்து அடுத்தது எங்கே வரும் என்று எதிர்வுகூறி வாகனத்தை முன்கூட்டியே அங்கே நிறுத்தும் என்கிறீர்கள். நல்ல காரியம். நானே அதைச் செய்து பலன் கண்டவள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் திரையில் அது ஒரு பச்சைப் புள்ளி. தெருவில் அது கதிரை ஏற்றிய லொறி, அதைப் பார்க்கிறவர்களுக்குக் கண் இருக்கிறது. சந்தியில், தேநீர்க் கடைக்கு முன்னால், படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். சாரதி எனக்கு நல்லாப் படல்ல என்று சொன்னால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வராத தகவல் அவரிடம்தான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மாலை எட்வின் அண்ணன் கதிரைகளை இறக்கிவிட்டுக் கந்தோர் வாசலில் வந்து நின்றார். கொக்கட்டிச்சோலைக்குப் பிறகு நடந்தது போல ஒரு கிழமைக்குப் பேசமாட்டார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, எனக்கும் ரெண்டு நாளா இஞ்ச ஒரு மாதிரி இறுக்கிப் பிடிக்கிது.”

நான் பயந்துபோய் எழுந்தேன். “என்ன அண்ணன் சொல்றீங்க? வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“ஆஸ்பத்திரி வேணாம்,” என்றார் எட்வின் அண்ணன். “நாளைக்கு லொறிய எங்கட வீட்டுக்கு முன்னால ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பம்.”